ஏலமும் ஏலமும்

ஆங்கிலச் சொற்கள் தமிழிற் புகுந்தனவே என வருந்துவோர், ஆங்கிலமும் ஒரு காலத்து அடிமைப்பட்டிருந்ததை நினைப்பதில்லை. 1066ஆம் ஆண்டில் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், ஏறக்குறைய 300 ஆண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சே கோலோச்சிற்று. வழக்காடுவோர் ஆங்கிலத்திற் பேசலாம் என 1362இல் பிறந்த சட்டமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டதெனின் வேறு சான்றும் வேண்டுமோ! ஆடு மேய்த்தவன் ஆங்கிலக் குடியானவன். ஆதலின் மந்தையில் நிற்குங்கால் அது 'ஷீப்'. உண்டவன் பிரெஞ்சுப் பிரபு. ஆதலின் உண்கலத்தில் அது 'மட்டன்'. அப்பிரெஞ்சுச் சொல்லே கடல் கடந்து, போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் வெள்ளாட்டிறைச்சிக்கும் பெயராயிற்று.

இனி நம் மலையடிவாரத்தை நோக்குவோம். பொட்டிபுரத்து உழவர் வாயில் வரும் ஏர், உழவு, விதை, களை, அறுவடை என்பன யாவும் தமிழ். அவரே தீர்வை செலுத்தப் புறப்படின், தாலுகா, ஜில்லா, வசூல், பாக்கி, ரசீது என அரபும் பாரசீகமும் வழிமறிக்கின்றன. நவாபு ஆட்சியிற் புகுந்த இவற்றைக் கும்பினியார் தமக்கும் வசதியெனக் கண்டு வைத்துக்கொண்டனர். உழைப்புக்குத் தன் சொல், கடனுக்குப் பிறர் சொல் என்னும் இந்நிலை ஆங்கிலக் குடியானவனுக்கும் நம்மவர்க்கும் பொதுவாகும். சென்னை மாகாணத்து ஜமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. 'ஜமீன்' என்னும் சொல்லோ போடியில் இன்றும் வழங்குகின்றது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இத்தகைய சொற்களை விலக்கச் சொல்லிற்று. மக்களுக்கு விளங்காத கச்சேரிச் சொற்களைப் பொறுத்தவரை அது தக்கதே என்பது நம் கருத்து. ஆயின் போர்த்துக்கேயர் தந்த சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவற்றை என் செய்வது? வேதாகமத்தில் 'திறவுகோல்' என வாசிக்கும் நாமே வீட்டில் சாவியைத்தான் தேடுகிறோம்.

இவற்றுள் நம் ஊர்க்கு மிகவும் உரியது 'ஏலம்'. மலையில் விளையும் ஏலம் பழந்தமிழ்ச் சொல். அதனை விற்கும் ஏலமோ 'லெய்லாவோ' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. அதனை அவர்கள் அரபியரிடமிருந்து பெற்றனர் என்பர். லகரம் தமிழில் மொழிமுதல் வாராது. 'லாபம்' முதலியவற்றுக்கு முன்னே இகரம் இட்டு 'இலாபம்' என்று வழங்கிய நம்மவர், இங்கு லகரத்தையே களைந்துவிட்டனர். இலக்கணம் கல்லாதாரும் செவியால் இலக்கணங் காத்த திறத்தை நம் வகுப்பிலும் பாராட்டலாம்!

நறுமணப் பொருள் வாரியத்தின் போடி ஏலக்கூடத்தில் இப்போது கணிப்பொறி வாயிலாகவே விலை கேட்கின்றனர். கூவுதல் ஒழிந்தும் பெயர் மாறவில்லை. ஓராண்டு உழைப்பின் விலை அங்கே தீர்மானமாகும்போது, இரண்டு ஏலத்துள் எது தமிழ் என்று எவரும் வினவுவதில்லை. போடிமெட்டைக் கடந்து கேரளத்தில் இறங்கினால், அங்கே விற்பனைக்கு லகரம் கெடாமல் 'லேலம்' என்றே பெயர்.