கிரெடிட்டா, டெபிட்டா? வங்கியில் குழப்பும் ஆங்கிலச் சொற்கள்



கூட்டம் நடத்துகிறோம், தீர்மானம் எழுதுகிறோம், லட்சக்கணக்கில் கடன் வாங்கித் திருப்பியும் கட்டுகிறோம். ஆனால் போனில் வங்கியின் எஸ்.எம்.எஸ். வந்தால், "இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடுகிறோம். பணம் நம்முடையது, கையெழுத்தும் நம்முடையது. அர்த்தமும் நமக்கே தெரிய வேண்டாமா? ஒன்றுபோலத் தோன்றி ஆளைக் குழப்பும் சில ஆங்கில வினைச்சொற்களை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

1. கிரெடிட் – டெபிட்

கிரெடிட் என்றால் கணக்கில் பணம் சேர்ந்தது. டெபிட் என்றால் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. ஞாபகம் வைக்க ஒரு வழி: கிரெடிட் என்றால் கிடைத்தது, டெபிட்டில் 'பிட்' இருக்கிறது, அது பிடித்தம். சில செய்திகளில் சுருக்கமாக சி.ஆர். என்றும் டி.ஆர். என்றும் இருக்கும். சி.ஆர். வரவு, டி.ஆர். பற்று.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. டெபாசிட், டெபிட் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் டெபாசிட் என்பது நாம் பணம் போடுவது. டெபிட் அதற்கு நேர் எதிர். பணம் எடுப்பதற்கான படிவத்தில் வித்ட்ரா, வித்ட்ராயல் என்று இருக்கும். சீட்டை நிரப்பும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'டெபிட்டெட்' என்றால் பணம் எடுத்தாகிவிட்டது. 'வில் பி டெபிட்டெட்' என்றால் இனிமேல்தான் எடுக்கப் போகிறார்கள். தவணைத் தேதிக்கு முன் இப்படிச் செய்தி வந்தால், அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தவணை தவறும், அபராதக் கட்டணமும் சேரும்.

2. லெண்ட் – பாரோ

நாம் இரண்டையும் 'கடன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். லெண்ட் என்றால் கடன் கொடுப்பது, பாரோ என்றால் கடன் வாங்குவது. வங்கி குழுவுக்கு லெண்ட் செய்கிறது. குழு வங்கியிடம் பாரோ செய்கிறது. அதே குழு உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும்போது லெண்ட் செய்வது குழு, பாரோ செய்வது உறுப்பினர்.

கடன் பத்திரத்தில் 'பாரோயர்' என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் கடன்காரர் நீங்கள்தான். 'கோ-பாரோயர்' என்றால் சேர்ந்து கடன் வாங்கியவர். 'கேரண்டர்' என்றால் ஜாமீன்; அவர் கட்டாவிட்டால் உங்களைக் கேட்பார்கள். 'விட்னஸ்' மட்டும்தான் வெறும் சாட்சி. "சும்மா ஒரு கையெழுத்துதான் அக்கா" என்று யாராவது நீட்டினால், எந்தச் சொல்லுக்குக் கீழே போடச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

3. சாங்ஷன் – டிஸ்பர்ஸ்

சாங்ஷன் என்றால் கடன் கொடுக்க ஒப்புதல் ஆனது. டிஸ்பர்ஸ் என்றால் பணத்தைக் கொடுத்தது. 3 லட்சம் சாங்ஷன் ஆகி, 2 லட்சம் மட்டும் டிஸ்பர்ஸ் ஆகியிருக்கலாம். சாங்ஷன் கடிதத்தை நம்பி மாட்டுக்கு அச்சாரம் கொடுத்துவிடக் கூடாது. பணம் கணக்கில் வந்ததா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

வட்டியிலும் இது முக்கியம். கடன் ஒப்புதலான நாளிலிருந்து வட்டி போடக் கூடாது, பணம் கொடுத்த நாளிலிருந்துதான் போட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் சொல்லியிருக்கிறது. வட்டிக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

4. வெய்வ் – ரைட் ஆஃப்

வெய்வ் என்றால் தள்ளுபடி. அந்தத் தொகையை நாம் கட்ட வேண்டியதில்லை. ரைட் ஆஃப் என்பது வேறு. வராக்கடன் என்று வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது அது. கடன் வாங்கியவர் பாக்கி அப்படியேதான் இருக்கும், வசூலும் நடக்கும். "கடனை ரைட் ஆஃப் பண்ணிட்டாங்களாம், இனிமே கட்ட வேண்டாம்" என்று யாரோ சொன்னதை நம்பித் தவணையை நிறுத்தினால் வட்டி ஏறும், அடுத்த கடன் கிடைப்பதும் சிரமம். தள்ளுபடி என்றால் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. பே – ரிசீவ் – ரிக்வெஸ்ட்

பே என்றால் பணம் கொடுப்பது, ரிசீவ் என்றால் பெறுவது, ரிக்வெஸ்ட் என்றால் நம்மிடம் கேட்பது. "உங்களுக்கு மானியம் அனுப்புறோம், போன்ல பின் நம்பரைப் போடுங்க" என்று ஒருவர் பேசினால், திரையில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'பே' என்று இருந்தால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

பயிற்சி

அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

அ) பால் பணம் கணக்கில் ஏறியது. கிரெடிட்டா, டெபிட்டா?
ஆ) குழு, ஓர் உறுப்பினருக்கு 5,000 ரூபாய் உள்கடன் தருகிறது. குழு செய்வது லெண்டா, பாரோவா?
இ) கடனுக்கு ஒப்புதல் வந்தது, பணம் வரவில்லை. சாங்ஷனா, டிஸ்பர்ஸா?
ஈ) வங்கி ரைட் ஆஃப் செய்த கடனைக் கட்ட வேண்டுமா?

விடைகள்: அ) கிரெடிட். ஆ) லெண்ட். இ) சாங்ஷன். ஈ) கட்ட வேண்டும்.

இந்தச் சொற்களை ஒரு அட்டையில் தமிழ் அர்த்தத்தோடு எழுதிக் கூட்டம் நடக்கும் இடத்தில் மாட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர் ஒருவர் தன் போனுக்கு வந்த வங்கிச் செய்தியைத் தானே விளக்கட்டும். வாரம் ஒருவர் என்றால்கூட, சில மாதங்களில் குழு முழுவதும் தேறிவிடும்.