குறைந்த செலவில் வீட்டு வலைச் சேமிப்பகம்

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இன்று சேர்த்து வைக்கும் பதிவுகள் மிகப் பல. வயல் ஆய்வில் எடுத்த நிழற்படங்கள், கிணற்று நீர்மட்ட அளவுகள், மாணவர் தேர்ச்சிப் பட்டியல்கள், செய்முறைப் பாடங்களின் காணொளிகள் ஆகிய யாவும் பெரும்பாலும் ஒரே மடிக்கணினியிலோ, கைப்பேசியிலோ, மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு பென் டிரைவிலோ தங்கிவிடுகின்றன. அந்த ஒன்று பழுதுற்றால் பல ஆண்டு உழைப்பும் அதனுடன் மறைகிறது. மடிக்கணினியை மறுபடி வாங்கலாம். சென்ற ஆகஸ்டில் பெய்த மழையை இவ்வாண்டு அளக்க இயலாது. ஆகவே இத்தகைய பதிவுகளை வீட்டில் சிறு செலவில் காத்துவைக்கும் முறையொன்றை இங்கு ஆராய்வோம்.

வலைச் சேமிப்பகம் என்பது, ஹார்டு டிஸ்க் எனப் பொதுவாக வழங்கும் வன்தட்டு ஒன்றை ஒரு சிறு கணினியுடன் இணைத்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் கைப்பேசிகளும் ரூட்டரின் வழியாக அதனை அணுகுமாறு செய்யும் ஏற்பாடாகும். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வணிக வன்தட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. இன்றைய கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படமே அதனை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஒரு கணினியின் தட்டை மற்றொரு கணினி வலைவழியே தன்னுடையது போல் உபயோகிக்கும் முறையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. பின்னர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் செல்லும் செய்திகளைக் கூர்ந்து நோக்கி அவற்றின் இலக்கணத்தை அறிந்து, யூனிக்ஸ் கணினியின் கோப்புகளை வேறுவகைக் கணினிகளும் அணுகுதற்குரிய செயலி ஒன்றை எழுதினார். 1992-இல் வெளிவந்த அம்முயற்சியே இன்று 'சாம்பா' என்னும் பெயருடன் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக உள்ளது. விண்டோஸ் கணினி லினக்ஸ் சேமிப்பகத்தைத் தன் இனத்தது என்றே எண்ணிப் பேசுவதற்கு இதுவே காரணம்.

முதலில் இயந்திரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழைய மேசைக் கணினி பலர் வீட்டில் சும்மா கிடக்கும். அதனை உபயோகிப்பதில் தவறில்லையாயினும், சேமிப்பகம் இரவும் பகலும் இயங்குவது என்பதை மறத்தலாகாது. 60 வாட் மின்சாரம் கொள்ளும் இயந்திரம் ஓராண்டில் சுமார் 526 யூனிட் செலவழிக்கும். 10 வாட் கொள்வது 88 யூனிட்டில் நின்றுவிடும். உங்கள் ஊர் மின்கட்டணத்தைக் கொண்டு பெருக்கிப் பார்த்தால், இலவசமாகக் கிடைத்த மேசைக் கணினி சில ஆண்டுகளில் எவ்வளவு விலை பெறுகிறது என்பது விளங்கும். ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி மின்சாரம் குறைவாகக் கொள்வது. 2019-இல் வந்த அதன் நான்காம் வகையிலிருந்து ஜிகாபிட் வலையிணைப்பும் யு.எஸ்.பி. 3.0 துளைகளும் உள்ளமையால் இப்பணிக்கு அது பொருந்தும்.

எனினும் என் தேர்வு, திரை உடைந்தோ விசை தேய்ந்தோ ஒதுக்கப்பட்ட பழைய மடிக்கணினியே. அது கொள்ளும் மின்சாரம் குறைவு. அதனிலும் மேலாக, மின்தடை நேரும்பொழுது தாங்குவதற்கு அதன் வயிற்றிலேயே ஒரு பேட்டரி இருக்கிறது. மூடியைச் சாத்தினாலும் உறங்காதிருக்கும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் சிறிதும் தயங்காமல் அகற்றிவிடுக, அது தீப்பற்றக்கூடியது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டுவதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் பழைய வலைத்துளையில் நொடிக்கு 11 மெகாபைட் அளவே கிடைக்கும். ஒரு டெராபைட்டை நிரப்ப ஒரு நாளுக்கு மேலாகும். ஜிகாபிட் துளையில் அதே வேலை இரண்டரை மணியில் முடியும். ஆயின் அந்த முதல் நிரப்புதல் ஒரே ஒரு முறை நிகழ்வது. பின்னர் நாள்தோறும் சேரும் படங்கள் சில நூறு மெகாபைட்டுக்கு மேற்படா. சேமிப்பகத்திலிருந்து ரூட்டருக்கு மட்டும் கம்பி இணைப்புத் தந்தால் போதும். ஏனைய கருவிகள் வைஃபையில் வரட்டும். வேகத்திற்கெனச் செலவிடக் கருதிய பணத்தை இரண்டாவது வன்தட்டிற்கு வைத்துக்கொள்க.

இனி அமைக்கும் முறை. இயந்திரத்தில் டெபியன் லினக்ஸையும் அதன்மேல் ஓப்பன் மீடியா வால்ட் என்னும் இலவச நிர்வாகச் செயலியையும் நிறுவுக. இதன்பின் சேமிப்பகத்திற்குத் திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. மற்றொரு கணினியின் உலாவியிலிருந்தே எல்லாவற்றையும் நடத்தலாம். இயங்குதளம் ஒரு தட்டிலும் பதிவுகள் வேறொரு தட்டிலும் இருத்தல் நலம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேமிப்பகத்திற்கு நிலையான முகவரி ஒன்றை, எடுத்துக்காட்டாக 192.168.1.10 என்பதை, ஒதுக்கிவிடுக. இதனைச் செய்யத் தவறியவர்களே, 'நேற்று வந்தது, இன்று வரவில்லை' என்று முறையிடுவோரில் பெரும்பாலார். பிறகு பதிவுத் தட்டில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, சாம்பா வழியாகப் பகிர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் தருக. விண்டோஸ் கணினியின் முகவரிக் கட்டத்தில் இரு பின்சாய்கோடுகளை இட்டு அந்த எண்ணை எழுதினால் கோப்புறை தோன்றும். மாணவர்கள் பார்க்க வேண்டியவற்றைப் படிக்க மட்டும் அனுமதித்தல் போதும்.

இவ்வளவு முடிந்ததும் வேலை முடிந்ததென்று பலர் நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் இங்குதான் அது தொடங்குகிறது.

இரண்டு தட்டுகளை வாங்கி, ஒன்றில் எழுதுவது உடனே மற்றொன்றிலும் எழுதப்படுமாறு இணைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988-இல் பெர்க்கிலியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுரையில் வந்த அப்பெயரில், மலிவான தட்டுகள் என்னும் பொருளும் அடங்கியிருந்தது. ஒரு தட்டு பழுதுற்றாலும் மற்றொன்று பணியைத் தொடரும் என்பது உண்மையே. ஆனால் இதனைக் காப்புப் பிரதி என்று கருதுவது பெரும் பிழை. நான் இதனை அறிந்தது நூல்களைக் கற்று அன்று. என் வீட்டுச் சேமிப்பகத்தில் இவ்வாறு பிணைத்த இரண்டு தட்டுகளில் மூன்றாண்டுக் கிணற்று அளவுகளும் படங்களும் இருந்தன. ஒரு ஞாயிறு மாலை இடம் போதாமையால், பழைய நகல் என்று எண்ணி ஒரு கோப்புறையை அழித்தேன். அது நகலன்று, மூலம். இரண்டு தட்டுகளும் தம் கடமையை வழுவாமல் செய்தன. ஒரே நொடியில் இரண்டிலும் அது இல்லாதாயிற்று. வலைவழியே அழித்த கோப்பு விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை என்பதையும் அன்றுதான் கண்டேன். வேறூரில் பணிபுரியும் நண்பரிடம் எப்பொழுதோ கொடுத்து வைத்திருந்த ஒரு தட்டு இருபத்தெட்டு மாத அளவுகளைத் திருப்பித் தந்தது. எஞ்சிய எட்டு மாதங்கள் போயின. அவற்றுள் ஒரு கோடை முழுவதும் அடங்கும்.

ஆதலின் இரண்டு தட்டுகளே வாங்க முடிந்தவர்கள் அவற்றைப் பிணைக்க வேண்டா. ஒன்று சேமிப்பகத்தில் இருக்கட்டும். மற்றொன்று வாரம் ஒரு முறை செருகிப் பிரதியெடுத்தபின் கழற்றி வைக்கப்படட்டும். பிரதியெடுக்க ஆர்சிங்க் என்னும் செயலி உண்டு; 1996-இல் டிரிட்ஜெலும் பால் மக்கராஸும் வெளியிட்ட இது, மாறிய கோப்புகளை மட்டும் நகல் செய்வதால் நேரம் மிகவும் குறையும். மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலும் அழிக்கும் விருப்பத்தை அதில் இயக்காதீர்கள். இயக்கினால் என் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வாரம் தாமதமாக வரும். திருத்திய கோப்பு பழையதன்மேல் எழுதப்படுமாதலால், மாதந்தோறும் அம்மாதத்தின் பெயரில் புதிய கோப்புறைக்கு முழுப் பிரதி எடுத்தல் இன்னும் நன்று. கழற்றும் தட்டை விண்டோஸும் படிக்கவல்ல எக்ஸ்ஃபேட் அமைப்பில் வைப்பது என் வழக்கம். சேமிப்பகம் முழுவதும் இறந்துபோன நாளில் எந்த அலுவலகக் கணினியிலும் அதனைச் செருகிப் படிக்கலாம். சாம்பாவிலும் பகிர்ந்த கோப்புறைக்கெனக் குப்பைத்தொட்டி ஒன்றை இயக்க வழியுண்டு. அதையும் இன்றே இயக்கிவிடுக.

வெளியூரிலிருந்து பார்க்கும் ஆசையால் ரூட்டரில் துளை திறந்து சேமிப்பகத்தை நேராக இணையத்தில் வைத்தல் கூடாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்னும் கேட்டு நிரல், இத்தகைய கோப்புப் பகிர்வின் பழைய முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே நுழைந்தது. 2021 ஜூனில், இணையத்தில் நேராகத் திறந்திருந்த ஒருவகை வீட்டுச் சேமிப்பகங்கள் பல, தொலைவிலிருந்தே வெறுமையாக்கப்பட்டன. அந்தப் பழைய பதிப்பை அமைப்பில் நிறுத்திவைக்க வேண்டும்.

நம் நாட்டு நிலையில் மின்சாரமும் வெப்பமும் தனிக் கவனம் வேண்டுவன. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் தட்டின் கோப்பமைப்புக் கெடலாம். மடிக்கணினி அல்லாதவற்றிற்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்று இன்றியமையாதது. ராஸ்பெரி பையின் நான்காம் வகை தன் யு.எஸ்.பி. துளைகள் யாவற்றிற்குமாகச் சேர்த்துத் தருவது 1.2 ஆம்பியரே, இரண்டு கையடக்கத் தட்டுகளை அதில் நேரே செருகினால் மின்சாரம் போதாமல் அவை 'டிக் டிக்' என ஒலித்து விழும். புதிய தட்டே பழுது என்று கடைக்காரரிடம் சண்டையிடுமுன், தனி மின்னிணைப்புள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்றை வாங்கிச் சோதித்துப் பார்க்க. மூடிய அலமாரியில், தொலைக்காட்சியின் பின்னால், சமையலறைச் சுவரோரம் ஆகிய இடங்களில் இயந்திரத்தை வைக்கலாகாது. நிர்வாகப் பக்கத்தில் தட்டின் வெப்பநிலையையும், மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும் காணலாம். அவ்வெண் சுழியமாக இருந்து ஏறத் தொடங்கினால், தட்டு இன்னும் நன்றாக ஓடுகிறதே என்று காத்திராமல் புதியது வாங்குக.

பிரதி எடுத்தாயிற்று என்பதற்குச் சான்று, அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்பப் பெறுவதே. மாதத்தின் முதற் சனிக்கிழமையன்று, கழற்றி வைத்த தட்டை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்றையும் அளவுப் பட்டியல் ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் அன்றைய தேதியை ஒரு சிறு தாளில் எழுதித் தட்டின்மேல் ஒட்டி, வீட்டில் வைக்காமல் பள்ளியிலோ அலுவலகத்திலோ பூட்டிய அலமாரிக்கு அனுப்பிவிடுக.