பன்மொழி வகுப்பில் ஆங்கிலம்: பெங்களூர் ஆய்வுகள் தரும் படிப்பினை

பெங்களூர் விவேக் நகரில் உள்ள குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் மக்களிடையே சிறிது நேரம் நின்றால் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் பிற தென்னக மொழிகளும் ஒருங்கே செவியில் விழும். 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டுச் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் அந்நகரின் கிழக்குப் பகுதிகளில் பெருந்தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். விவேக் நகரை அடுத்த நீலசந்திராவில் உருது பேசுவோர் மிகுதி; மறுபுறம் கணினித் தொழிலால் வளர்ந்த கோரமங்கலா. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடக மாநிலத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 66 சதவீதம். உருது சுமார் 11 சதவீதம். தமிழர் சுமார் 21 லட்சம். இத்தகைய பகுதியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், ஒரே வகுப்பறையில் நான்கைந்து வீட்டுமொழிகளைச் சந்திக்கிறார்.

பெற்றோர் ஆங்கிலத்தை விரும்புவதற்குக் காரணம் வெளிப்படை. 2005-ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வுத் தகவல்களைக் கொண்டு ஆசாம், சின், பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2013-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் மணிக்கூலி, அம்மொழி அறியாதவரினும் சுமார் 34 சதவீதம் அதிகம். ஓரளவே பேசுவோருக்கு இவ்வேறுபாடு 13 சதவீதம். அரைகுறை ஆங்கிலத்தின் பயன் அரைகுறையே. ஆனால் தினக்கூலி பெறும் தந்தை கட்டணம் செலுத்திப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும்போது அவருக்குக் கிடைப்பது முதல் வகைக் கல்வியா, இரண்டாம் வகையா, அல்லது இரண்டும் அல்லாததா என்பதை அவர் அறிய வழியில்லை.

வீட்டுமொழியும் பிழையும்

மாணவர் செய்யும் பிழைகள் அனைத்தும் கவனக்குறைவால் எழுவன அல்ல. தமிழில் 'இது புத்தகம்' என்பது முழுமையான வாக்கியம். கன்னடத்திலும் தெலுங்கிலும் அவ்வாறே. ஆகவே இம்மொழி பேசும் குழந்தை 'திஸ் புக்' என்று எழுதி நிறுத்திவிடுகிறது. உருதுவில் 'ஹை', மலையாளத்தில் 'ஆணு' என்ற சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதால் அக்குழந்தைகளுக்கு இவ்விடர்ப்பாடு குறைவு. மறுபுறம், 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என ஒலிப்பது உருது வீட்டுக் குழந்தையிடம் பெரிதும் காணப்படுவது. உருது எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. குறில் உயிர்கள் பொதுவாக அதில் எழுதப்படுவதில்லை. உருதுப் பள்ளியிலிருந்து வரும் குழந்தை எழுதும் திசையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது பாடத்திட்டம் வகுப்போர் நினைவில் எப்போதும் இருப்பதில்லை.

எழுத்தைப் பொறுத்தவரை வேறொரு நுட்பமும் உண்டு. தமிழில் 'ப' என்ற ஓர் எழுத்தே இடத்திற்கேற்ப இரு ஒலிகளைக் குறிக்கும். கன்னடத்தில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத்தின் p, b என்ற இரண்டையும் பிரித்தறிய, கன்னட எழுத்து கற்ற தமிழ்க் குழந்தைக்கு அந்த எழுத்தே பாலமாகலாம். அதேபோல் 'பக்கம்' என்பதில் ககர மெய் புள்ளியுடன் தனியே நிற்கிறது. கன்னடத்திலோ இரண்டாம் மெய் முதலெழுத்தின் கீழ் ஒட்டாக எழுதப்படுகிறது. தனிமெய் என்ற கருத்தைக் கண்ணால் காணத் தமிழ் எழுத்து உதவக்கூடும். ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு முனையில் துணைபுரிகிறது. அத்துணையை ஆசிரியர் பயன்படுத்துகிறாரா என்பதே வினா.

எழுத்தறிவு பற்றிய ஆய்வு இதை மேலும் தெளிவாக்குகிறது. பெங்களூரில் பணியாற்றிய சொனாலி நாக், கன்னடம் வாசிக்கக் கற்கும் குழந்தைகளைப் பற்றி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில எழுத்துகளைக் கற்பதைக் காட்டிலும் அட்சரங்களைக் கற்க நெடுங்காலம் பிடிக்கிறது என்றும், நான்காம் வகுப்பு வரையிலும் அது தொடர்கிறது என்றும், சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிக்கும் திறன் மெதுவாகவே வளர்கிறது என்றும் கண்டார். அட்சரம் மெய்யும் உயிரும் இணைந்த ஓர் அலகு. ஆங்கிலச் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துப் படிக்கும் முறை அதனின்றும் வேறானது. இரண்டாம் வகுப்பில் கன்னடம் முழுமையாக வாசிக்க இயலாத பிள்ளையை மந்தபுத்தி என முடிவுகட்டுவது தவறாகும்.

பெங்களூர்த் திட்டம்

ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றிய உலக விவாதத்தில் இந்நகரின் பெயர் நிலைத்துவிட்டது. 1959-ல் சென்னை மாநிலத்தில் தொடங்கிய பயிற்சி இயக்கத்தின் வாயிலாக, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் 'கட்டமைப்பு முறை'யில் சுமார் 27,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க முயற்சி செய்யப்பட்டது. 1963-ல் பெங்களூரில் நிறுவப்பட்ட வட்டார ஆங்கில நிறுவனமும் தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தது. எனினும், வகுப்பில் வாக்கியங்களைப் பிழையின்றித் திருப்பிச் சொன்ன மாணவர் வெளியே வந்து பேசத் தயங்கினர்.

இக்குறையை ஆராய்ந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை வட்டார ஆங்கில நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் தென்னிந்தியப் பள்ளிகளின் எட்டு வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பட்டியல் இல்லை. பயிற்சி வாக்கியங்கள் இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், வகுப்பு நேர அட்டவணை போன்றவற்றைக் கொண்டு கணக்கிட்டுத் தீர்க்க வேண்டிய வினாக்களே பாடம். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஒரு வினாவை ஆங்கிலத்தில் பேசித் தீர்ப்பார். பின்பு அதே போன்ற மற்றொன்றை மாணவர் தனித்தனியே செய்வர். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே படியும் என்பது கொள்கை. வகுப்பில் பாதிப் பேர் பாதி வினாக்களுக்கேனும் சரியான விடை கண்டால் பாடம் தக்க அளவு கடினமானது எனக் கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் மாணவரைப் பேசுமாறு வற்புறுத்தாமல், கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதற்கே முதலிடம் தரப்பட்டது.

பெரெட்டா, டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு 1985-ல் வெளியாயிற்று. கட்டமைப்பு வகுப்பினர் கட்டமைப்புத் தேர்விலும், திட்ட வகுப்பினர் தங்கள் முறைத் தேர்விலும் சிறந்தனர்; இரு சாராருக்கும் பொதுவான தேர்வுகளில் திட்ட வகுப்பினர் பெரும்பாலும் முன்னின்றனர். வகுப்புகள் ஒத்த தன்மையுடையனவாகத் தெரிந்தெடுக்கப்படவில்லை என்பதால் முடிவு தற்காலிகமானதே. பின்னர் 1990-ல் பெரெட்டா கண்டது நிர்வாகத்திற்கு மிக முக்கியமானது: திட்டத்தை வகுத்தவர்களும் சிறப்புத் தகுதி பெற்றவர்களும் கையாண்ட அளவிற்கு, வழக்கமான பள்ளி ஆசிரியர்களால் இம்முறையைக் கைக்கொள்ள இயலவில்லை. வகுப்பில் எதிர்பாராத வினாவிற்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தர ஆசிரியருக்குச் சரளம் வேண்டும். மாணவனிடம் இல்லாத ஆங்கிலத்தை ஆசிரியரிடமும் காணாத பள்ளிகளே ஏழைக் குடும்பங்களுக்கு வாய்க்கின்றன.

பயிற்றுமொழிப் பூசல்

கர்நாடகத்தில் 1994-ஆம் ஆண்டின் அரசாணை தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழி அல்லது கன்னடத்தைப் பயிற்றுமொழியாக வலியுறுத்தியது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட ஆயம், பயிற்றுமொழியை அரசு கட்டாயப்படுத்த இயலாது என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2007 முதல் அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடமாகி, 2019-20-ல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளும் திறக்கப்பட்டன. மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வசதி செய்யுமாறு கூறும் 350ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் 1956 முதல் உள்ளது; ஆனால் பெற்றோர் கேட்பது வேறாக இருப்பதால் அதனைக் கோருவோர் இன்று சிலரே.

2016 முதல் 2020 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பெங்களூர் நிம்ஹான்ஸ் முதலிய நிறுவனங்களுடன் சேர்ந்து டெல்லி, ஹைதராபாத், பீகார் ஆகிய இடங்களில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி ஆய்வு நடத்தியது. ஆங்கிலவழி எனப் பெயர் பெற்ற வகுப்புகளில் ஆசிரியர்கள் உண்மையில் இரு மொழிகளைக் கலந்தே கற்பித்தனர் என்று அது காட்டியது. இதனைக் குற்றமாகக் கருதுவோரும் உளர். ஆனால் குழந்தைக்குப் புரிகின்ற மொழியைத் திட்டமின்றிக் கலப்பதற்கும், 'புக்' முன் நிற்கும் 'திஸ் இஸ்' என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் வெவ்வேறு வழியில் விளக்குவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதற்குப் பயிற்சி தேவை. விவேக் நகர் போன்ற பகுதிக்கு நியமிக்கப்படும் ஆசிரியர் அங்கு வழங்கும் மொழிகளின் எழுத்துகளையும் சில அடிப்படை வாக்கியங்களையும் பணியில் சேருமுன் கற்பதற்கு ஆகும் செலவு, ஒரு பள்ளிக்கு ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கும் செலவைக் காட்டிலும் மிகக் குறைவாகவே இருக்கும். ஆயினும் பயிற்சித் திட்டங்களில் அதற்கென நாட்கள் ஒதுக்கப்படுவது அரிது.