எலிக்கும் மனச்சோர்வு வருமா?



எலி என்றாலே நமக்கு எலிப்பொறிதான் ஞாபகம் வரும். அரிசி மூட்டையைக் கடிக்கும், நோட்டுப் புத்தகத்தைக் கடிக்கும். அந்த எலி, வயசானவங்க மனசைப் புரிந்துகொள்ள உதவுது என்றால் நம்புவீர்களா? வாங்க, தெரிந்துகொள்வோம்.

மனச்சோர்வு என்றால் என்ன?

ஒரு நாள் சோகமா இருப்பது மனச்சோர்வு ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசை இல்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு இருந்தால் அது நோயாக இருக்கலாம். வயசானவங்க "மனசு சரியில்லை" என்று பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. "உடம்பு வலிக்குது, அசதியா இருக்கு" என்றுதான் சொல்வாங்க.

இந்தியா முழுவதும் 2017-18இல் முதியோர் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அதில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு சுமார் 8 பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. ஆனால் தனக்கு அந்த நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது என்று சொன்னவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை! மற்றவர்களை "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

ஏன் எலி?

மனிதன் கிழவன் ஆவதைப் பார்க்க 60 வருஷம் காத்திருக்க வேண்டும். சுண்டெலி வாழ்வதே இரண்டு, மூன்று வருஷம்தான். 18 முதல் 24 மாத எலி, 56 முதல் 69 வயது மனிதருக்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சர்க்கரைத் தண்ணீர் சோதனை

எலி வாய் திறந்து சொல்லாதே, எப்படித் தெரியும்? கூண்டில் இரண்டு பாட்டில் வைப்பார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். நல்லா இருக்கிற எலி இனிப்பைத்தான் அதிகம் குடிக்கும். சோர்ந்த எலிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே பக்கம் குடித்துப் பழகிவிடக் கூடாது என்று பாட்டிலை இடம் மாற்றியும் வைப்பார்கள்.

இதைப் படித்தபோது எங்க ஆயா ஞாபகம் வந்தது. தாத்தா இறந்த பிறகு ஆயா வெற்றிலை போடுவதை நிறுத்திட்டாங்க. சீரியல் ஓடினாலும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாங்க. தெருவில் எல்லாரும் "வயசுதான்" என்றார்கள். அம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போனாங்க. மாத்திரையும் பேச்சும் சேர்ந்து, சில வாரத்தில் ஆயா தானாகவே கீரை ஆய உட்கார்ந்தாங்க. வயசு குறையவில்லை, நோய்தான் குறைந்தது.

2023இல் வெளியான ஆராய்ச்சி

பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள், ஜிடிஎஃப்11 என்ற புரதத்தைக் கிழட்டு எலிகளின் உடலுக்குள் செலுத்தினார்கள். சோர்ந்த நடத்தை குறைந்தது, ஞாபகமும் மேம்பட்டது. மூளை செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே சுத்தம் செய்யும் வேலை கூடியதுதான் காரணமாம். கிழட்டு மூளையும் தேறும் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. எலியிடம் பலித்ததெல்லாம் நமக்கு மருந்தாகிவிடாது. கிழட்டு எலி நீந்தாமல் மிதந்தால் அது சோர்வா, உடம்பில் பலம் இல்லையா என்ற குழப்பமும் உண்டு.

எலிக்கும் வலிக்குமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி! மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் சென்னையில் கலாக்ஷேத்ரா நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல். மிருகங்களை வைத்துச் செய்யும் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது.

நாம் செய்ய வேண்டியது

1. வீட்டுப் பெரியவங்களுக்குப் பிடித்தது எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதை அவங்க விட்டுவிட்டால் கவனியுங்கள்.
2. தினமும் பத்து நிமிஷமாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.
3. இரண்டு வாரம் அப்படியே இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். சென்னைப் பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்திருக்கிறது.
4. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முதுமை நோய் அல்ல. மனச்சோர்வு நோய்தான், அதற்கு மருந்து உண்டு. இன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் உங்க ஆயாவிடம், தாத்தாவிடம் "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்.