கால் ரத்தக்குழாய் அடைப்பு: சிகிச்சைக்குப் பின் செய்ய வேண்டியவை

கால் தமனியில் கடுமையான அடைப்பு உள்ளவர்கள், படுத்தால் வலி கூடுவதால் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டே இரவைக் கழிப்பதுண்டு. பலூன், ஸ்டென்ட், பைபாஸ் எதுவானாலும் சிகிச்சை பலித்ததற்கான முதல் அடையாளம், காலை நீட்டிப் படுத்துத் தூங்க முடிவதுதான். ஸ்கேனில் ரத்த ஓட்டம் நன்றாகத் தெரிந்தாலும் புண் ஆறவும் பழைய நடை திரும்பவும் மாதக்கணக்கில் ஆகலாம்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்க வேண்டும். இந்நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘வாஸ்குகால்’ வினாத்தாளில் 25 கேள்விகள் உண்டு. வலி, பிற அறிகுறிகள், அன்றாட வேலை, பிறரோடு பழகுதல், மனநிலை ஆகிய ஐந்தையும் அவை விசாரிக்கின்றன. இதே ஐந்தையும் வாரம் ஒருமுறை இரண்டு வரியில் எழுதினால் போதும். மறுபரிசோதனையில் “பரவாயில்லை” என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு மருத்துவருக்கு அதிகம் உதவும்.

பைபாஸ் செய்த கால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வீங்கியிருப்பது வழக்கம். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கலாம். மருத்துவர் சொல்லாமல் இறுக்கமான காலுறையோ கட்டோ போடக் கூடாது.

அடுத்தது மாத்திரை. ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல் ரத்தம் உறைவதைத் தடுக்கும். சிலருக்குக் குறைந்த அளவு ரிவரோக்சபானும் சேர்த்துத் தரப்படும். பல் பிடுங்குவதற்காகக்கூட இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. கொழுப்பு அளவு சரியாக இருந்தாலும் ஸ்டாட்டின் தேவைப்படும். பீடி, சிகரெட்டைக் குறைப்பது போதாது, அறவே விட வேண்டும்.

பாதத்தைத் தினமும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது, அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான். உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். தேங்காய் எண்ணெயைப் பாதத்தில் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் அதற்கு மருந்துக்கடை பிளாஸ்டர் ஒட்டுவதும் ஆபத்து. வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு நல்லது. செருப்பைக் கழற்றியாக வேண்டிய கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்வருவது நல்லது. பிரகாரத்துச் சுடுகல்லில் எழும் ஒரு கொப்புளம் விரலையே பறித்துவிடலாம்.

உள்ளங்காலில் புண் இருக்கும்வரை அதன்மேல் எடை விழக் கூடாது. ஆறியபின், மருத்துவர் அனுமதித்தால் நடைப்பயிற்சி தொடங்கலாம்: கெண்டைக்கால் ஓரளவு வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மீண்டும் நடப்பது. மொத்தம் 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம் தேவை. விரல் அல்லது கால் எடுக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சியை இயன்முறை மருத்துவர் வகுத்துத் தருவார். சோர்வும் தூக்கமின்மையும் நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

வலி இல்லாவிட்டாலும் டாப்ளர் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. பைபாஸ் குழாய் அறிகுறியின்றியே சுருங்கக்கூடும், முதல் ஆண்டில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

கால் திடீரென வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் ஒத்தடமோ எண்ணெய்த் தேய்ப்போ வேண்டாம். ரத்தக்குழாய் அறுவை நிபுணர் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலைக் காப்பாற்றுவது கடினம்.