ஓநாய் ஒன்று, பங்காளிகள் ஐவர்

அன்புள்ள கதிர்,

உன் குரல் பதிவைக் கேட்டேன். மூன்று நிமிடத்துக்குள் "ஏமாத்திட்டாங்க அத்தை" என்று ஏழு முறை சொல்லியிருக்கிறாய். செந்தில் அண்ணன் லெவல் 40, நீ லெவல் 20. அவன் கூட வந்தால் ஓநாய்கள் ஒரே வெட்டில் சாயும், உனக்கு எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, கொட்டும் என்று நம்பிப் போயிருக்கிறாய். ஓநாய்கள் சாய்ந்தன, எக்ஸ்பி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. போனில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதனால்தான் கடிதம்.

உன்னை யாரும் ஏமாற்றவில்லை. நீ ஆடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக். 2004-இல் வந்த ஆட்டத்தின் பழைய சட்டங்களை 2019-இல் தூசி தட்டி மறுபடியும் விட்டார்கள். பங்கு பிரிக்கும் சட்டமும் அந்தக் காலத்ததுதான். பேனாவை எடு. மிருகத்தின் லெவலும் உன் லெவலும் ஒன்றாக இருந்தால், லெவலை ஐந்தால் பெருக்கி 45-ஐக் கூட்ட வேண்டும். லெவல் 20-க்கு 145 எக்ஸ்பி வரும். டஸ்க்வுட் காட்டில் நீ தனியாக ஓர் ஓநாயை அடித்தால் அந்த 145-ம் உனக்கே.

உன் லெவலிலேயே ஒருவன் உன்னோடு பார்ட்டி சேர்கிறான் என்று வைத்துக்கொள். ஆளுக்கு 72 சொச்சம். இருவருக்குச் சலுகை ஏதும் கிடையாது. மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் ஆட்டம் தன் கைக்காசைப் போட ஆரம்பிக்கிறது: 145-ஐ 1.166-ஆல் பெருக்கி, வந்த 169-ஐ மூன்றாகப் பிரிக்கும். ஆளுக்கு 56. நால்வருக்குப் பெருக்கும் எண் 1.3, ஆளுக்கு 47. ஐவருக்கு 1.4. மொத்தம் 203, ஆளுக்கு 40 சொச்சம்.

145 எங்கே, 40 எங்கே என்று நீ மூக்கைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. ஓநாய்க்கு எவ்வளவு என்று பார்க்காதே, மணிக்கு எவ்வளவு என்று பார். 145-ஐ 40.6-ஆல் வகுத்தால் மூன்றரைக்குச் சற்று மேல் வரும். அதாவது, ஐவரும் சேர்ந்து தனியாளைவிட அந்த மூன்றரை மடங்கு வேகத்தில் கொன்றாலே யாருக்கும் நட்டமில்லை. ஐந்து பேருக்கு ஐந்து மடங்கு வேகம் வேண்டியதில்லை. அதோடு நீ மந்திரவாதி. தனியாக ஆடும்போது இரண்டு சண்டைக்கு ஒருமுறை தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாயே, அந்த நேரத்தை நீ கணக்கில் சேர்ப்பதே இல்லை. முன்னால் அடிவாங்க ஒரு டேங்க், பின்னால் ஒரு ஹீலர் என்று இருந்தால் அந்த உட்காரல் பாதியாகக் குறையும்.

டெட்மைன்ஸ் போன்ற சுரங்கத்துக்குள் போனால் கணக்கே வேறு. அங்கே இருப்பவை எலீட் வகை; வெளிக்காட்டு மிருகத்தைப்போல இரு மடங்கு புள்ளி. லெவல் 20 எலீட்டுக்கு 290. ஐவர் பார்ட்டிக்கு அது 406 ஆகி, ஆளுக்கு 81. நீ தனியாகப் போய் அந்த 290-ஐ முழுசாக வாங்கிக்கொள்ளலாமே என்பாய். போய்ப் பார், உன் ஆவி கல்லறையிலிருந்து உடலைத் தேடி ஓடிவரும் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இனி செந்தில் விஷயம். மேலே நான் சமமாகப் பிரித்தது எல்லாரும் ஒரே லெவல் என்பதால். உண்மையான சட்டம், அவரவர் லெவலின் விகிதப்படி பங்கு. நீ 20, இன்னொருவன் 24 என்றால் மொத்தம் 44. உனக்கு 44-இல் 20 பங்கு, அவனுக்கு 24. வித்தியாசம் கண்ணில் படாது. செந்திலோடு போனால் மொத்தம் 60. உன் பங்கு மூன்றில் ஒன்று. அதுவும் எதில் மூன்றில் ஒன்று? லெவல் 20 ஓநாய் அவன் திரையில் சாம்பல் நிறப் பெயரோடு தெரியும். சாம்பல் என்றால் அதைக் கொன்று அவன் கற்க ஒன்றுமில்லை என்று பொருள். அவனுக்குப் பூஜ்யம், உனக்கும் பிரிப்பதற்குள்ள தொகையே சுருங்கிவிடும். அவன் பங்கு உன் பக்கம் வந்து சேராது, காற்றோடு போய்விடும்.

கொடுமையாக இருக்கிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த வேலி இல்லாவிட்டால் யாரும் தன் லெவல் ஆட்களைத் தேடமாட்டார்கள், பெரியவர்கள் பின்னால்தான் வரிசை நிற்கும். வேலி இருந்தும் கிளாசிக்கில் அது நடந்தது. லெவல் 60 மந்திரவாதிகள் சுல்ஃபராக், மாரடான் போன்ற இடங்களுக்குள் போய், உள்ளே உள்ளதையெல்லாம் ஓட்டி ஒரே குவியலாகச் சேர்த்து, பனிமழை பொழிந்து கொல்வார்கள். வாசலோரம் சின்ன லெவல் ஆட்கள் நின்றபடி எக்ஸ்பி வாங்குவார்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தங்கம் என்று கட்டணம். பங்கு சிறியது, ஆனால் குவியல் அவ்வளவு பெரியது. இதைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். காசு கொடுத்துக் கதவோரம் நிற்பதற்கு எதற்கு ஆட்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். குவெஸ்ட் முடித்தால் வரும் எக்ஸ்பி பங்கு பிரிவதில்லை. முடித்த ஒவ்வொருவருக்கும் முழுசு. 'இத்தனை ஓநாயைக் கொல்' என்ற வகை குவெஸ்டில் ஒரு சாவு எல்லார் கணக்கிலும் ஏறும். 'இத்தனை தோல் கொண்டுவா' என்ற வகையில் அவரவர் தோலை அவரவர் சேர்க்க வேண்டும். முதல் வகைக்குக் கூட்டமாகப் போ, இரண்டாவதற்குத் தனியாகப் போ.

பார்ட்டியே பங்கைப் பிரித்துக் கொடுப்பதை நீ பிறப்புரிமை போல நினைக்கிறாய். நான் கல்லூரியில் படித்தபோது டிபியா என்ற ஜெர்மன் ஆட்டத்தை ஆடினோம். 1997-இல் வந்தது, பிரவுசிங் சென்டரின் ஓட்டைக் கணினியிலும் ஓடும் என்பதுதான் அதன் பெரிய தகுதி. அங்கே அப்போது சட்டம் இது: யார் எவ்வளவு அடித்தார்களோ அந்த விகிதத்தில் எக்ஸ்பி. கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? நான் ட்ரூயிட். என் வேலை குணப்படுத்துவது. கூட வந்த வீரன் சாகாமல் இருக்க ராத்திரி முழுக்க மந்திரம் போட்டேன். விடிந்தபோது அவன் இரண்டு லெவல் ஏறியிருந்தான். எனக்கு மானா போனதுதான் மிச்சம். மறுவாரம் நானும் தாக்கும் மந்திரத்தைக் கையில் எடுத்தேன். அவன் செத்தான். தப்பு என்னுடையது என்றான். சட்டத்தினுடையது என்று இப்போது சொல்வேன்.

பிறகு டிபியாவை உருவாக்கியவர்களே அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பார்ட்டித் தலைவர் பகிர்வைத் தொடங்கினால் எல்லாருக்கும் சமபங்கு. ஆனால் சும்மா கிடைக்காது. பார்ட்டியில் மிகச் சின்ன லெவல், மிகப் பெரிய லெவலில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 100-ஓடு சேர 67 வேண்டும். எல்லாரும் 30 கட்டத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் அடித்தோ குணப்படுத்தியோ ஏதாவது செய்திருக்க வேண்டும். மூலையில் ஆளை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும் லீச் பேர்வழிக்கு அந்த இரண்டு நிமிடம்தான் வேட்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த ஊக்கத்தொகை. நான் கடைசியாக ஆடியபோது நான்கு தொழில்கள் இருந்தன. நால்வரும் ஒரே தொழில் என்றால் 20 சதவீதம் கூடுதல். நால்வரும் நான்கு தொழில் என்றால் 100 சதவீதம். 1000 புள்ளி மிருகத்துக்கு நான்கு வீரர்கள் போனால் 1200, ஆளுக்கு 300. வீரன், வில்லாளி, சூனியக்காரன், ட்ரூயிட் என்று போனால் 2000, ஆளுக்கு 500. கூட்டாஞ்சோற்றுக்கு நாலு வீட்டிலிருந்தும் அரிசியே வந்தால் என்ன ஆகும்? வேறு வேறு கொண்டுவருபவனைத் தேடிப் பிடிக்க வைத்த அந்த ஒரு வரிச் சட்டத்துக்குப் பிறகு, ட்ரூயிடைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

எவர்குவெஸ்ட் என்று 1999-இல் ஒன்று வந்தது. மிருகத்துக்கு அதிக சேதம் செய்த கூட்டத்துக்கே புள்ளி. ஒருவர் பாதி அடித்துவைத்ததை வலுத்தவர் பாய்ந்து முடித்துக்கொள்வார்; கே.எஸ். (கில் ஸ்டீல்) என்று ஒரு வசவே பிறந்தது. வார்கிராஃப்டில் முதலில் தொட்டவருக்கே மிருகம் என்று வைத்தது அந்தப் புண்ணின் தழும்பு. ஃபைனல் ஃபேண்டஸி 11-இல் பார்ட்டியின் உச்ச லெவலை வைத்தே எல்லாருக்கும் கணக்கு. அதனால் ஒத்த லெவல் ஆறு பேர் சேரும்வரை மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். 2008-இல்தான் எல்லாரும் ஒருவருடைய லெவலுக்கு இறங்கி ஆட வழி செய்தார்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2004-இலேயே தலைகீழாக யோசித்து, சின்னவனைப் பெரியவன் பக்கத்தில் இருக்கும்வரை உயர்த்தி வைத்தது. செந்திலோடு நீ ஆட ஏற்ற சட்டம் இந்த இரண்டும்தான். உன் ஆட்டத்தில் இரண்டுமே இல்லை.

கில்ட் வார்ஸ் 2 ஒன்று இருக்கிறது, 2012. கொஞ்சம் அடித்த எவருக்கும் முழுப் புள்ளி, பிரிப்பதே கிடையாது. சண்டை சச்சரவே இல்லை. வழிப்போக்கன் வந்தால் எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் அடித்து முடித்ததும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே கலைந்து போவார்கள். பங்கு கேட்க வேண்டிய தேவையும் இல்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை. எனக்கு டிபியாவின் கறாரே மேல்.

செந்திலிடம் கோபித்துக்கொள்ளாதே. அவன் தன் மாலைநேரத்தைப் பூஜ்யம் எக்ஸ்பிக்கு உனக்காகச் செலவழித்திருக்கிறான். அவன் கணக்கை நீ பார்க்கவே இல்லை. உன் வகுப்பில் ஆடும் மூவரும் 18-க்கும் 22-க்கும் இடையில் என்று சொன்னாய். தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை அவர்களைக் கூப்பிடு, டெட்மைன்ஸ் போகலாம். நால்வர் ஆயிற்று. ஐந்தாவதாக ஹீலர் வேண்டும் இல்லையா? என் பிரீஸ்ட் இப்போது லெவல் 21.

அன்புடன்,
அத்தை