சண்டை ரோபோவுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி – நாமே செய்யலாமா?



இரண்டு ரோபோக்கள் மோதிக்கொள்ளும் போட்டியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 1998-இல் 'ரோபோட் வார்ஸ்', அமெரிக்காவில் 2000-இல் 'பேட்டில்பாட்ஸ்' என்று இவை தொலைக்காட்சித் தொடர்களாக வந்தன. நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி.யின் 'டெக்ஃபெஸ்ட்', சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாஸ்த்ரா' விழாக்களில் மாணவர்கள் செய்த ரோபோக்கள் மோதியிருக்கின்றன. சில ரோபோக்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், உள்ளேயிருந்து புகை வந்து நின்றுபோகும். ஏன்? அதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

வேகத்தைக் குறைப்பது எப்படி?

சீலிங் ஃபேனுக்குப் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கும் மின்தடை, மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. பேட்டரியில் ஓடும் ரோபோவுக்கு இது கட்டுப்படியாகாது.

அதனால் வேறொரு வழி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல நூறு முறை 'ஆன் – ஆஃப்' செய்வது. பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் மோட்டாருக்குச் சராசரியாகப் பாதி வோல்ட்தான் கிடைக்கும். இதற்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். இவ்வளவு வேகமாக ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்தான் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர்.

எளிய சுற்று

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேகத்துக்கு மாஸ்ஃபெட், முன்னும் பின்னும் போக ஐந்து கால் உள்ள கார் ரிலே இரண்டு. மாஸ்ஃபெட்டை அணைத்த பிறகுதான் ரிலேயை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரிலே முனையில் பொறி பறந்து கருகிவிடும். மின்சாரத்தை நிறுத்தும்போது மோட்டார் சுருளிலிருந்து திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்துக்கு வழிவிட, ரிலேக்கு முன்னால் ஒரு நல்ல டையோடும் வேண்டும்.

மேஜையில் ஓடும், களத்தில் எரியும்!

இதுதான் முக்கியமான பகுதி, கவனமாகப் படியுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது பழைய கார் வைப்பர் மோட்டார், 12 வோல்ட். சும்மா ஓடும்போது 3 ஆம்பியர் எடுத்தது. இதைப் பார்த்துவிட்டு, '5 ஆம்பியர் தாங்கும் கருவி போதும்' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சண்டையில் எதிராளி ரோபோ நம்மைச் சுவரோடு அழுத்திப் பிடித்தால் மோட்டார் சுற்றாமல் நின்றுவிடும். அப்போது என்ன ஆகும்?

சுற்றும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கிறது. நின்றுபோனால் அது கிடையாது. சுருளின் மின்தடை மட்டும்தான் மிச்சம். அதை நான் இப்படி அளந்தேன்: ஒரு பல்பைத் தொடராக இணைத்து, மோட்டார் தண்டைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு, 2 ஆம்பியர் ஓடவிட்டேன். மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே 1.2 வோல்ட் காட்டியது. ஓம் விதிப்படி மின்தடை = 1.2 ÷ 2 = 0.6 ஓம்.

அப்படின்னா, 12 வோல்ட்டில் நின்றுபோன மோட்டார் எடுப்பது 12 ÷ 0.6 = 20 ஆம்பியர்!

இப்போது மாஸ்ஃபெட்டுக்கு வருவோம். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்இசட் 44என் முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் மின்தடை 0.0175 ஓம். வெப்பம் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை.

சும்மா ஓடும்போது: 3 × 3 × 0.0175 = 0.16 வாட்
நின்றுபோனால்: 20 × 20 × 0.0175 = 7 வாட்

ஹீட் சிங்க் இல்லாத மாஸ்ஃபெட் ஒரு வாட்டுக்குச் சுமார் 62 டிகிரி சூடேறும். 0.16 வாட்டுக்கு 10 டிகிரிதான், விரல் வைத்துப் பார்க்கலாம். 7 வாட்டுக்கு 434 டிகிரி! அது தாங்குவது 175 டிகிரி வரைதான். ஆக, அந்த அளவுக்கு ஏறுவதற்கு முன்பே கருகிவிடும். அதன் தகவல் தாளில் '49 ஆம்பியர்' என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது, உடம்பைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் மட்டும் பொருந்தும் கணக்கு.

என்ன செய்யலாம்?

நம்ம ஊர் எலுமிச்சை மார்க்கெட்டில் பெரிய சுமையை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதில்லையா? அதேபோல இரண்டு மாஸ்ஃபெட்டைப் பக்க இணைப்பில் வைக்கலாம். 0.008 ஓம் மின்தடை உள்ள ஐஆர்எஃப் 3205 இரண்டு போட்டால், ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர். வெப்பம் 10 × 10 × 0.008 = 0.8 வாட், அதாவது 50 டிகிரி ஏற்றம்தான். சுமை பாதியானால் சூடு கால் பங்காகிறது, பார்த்தீர்களா? இதோடு ஹீட் சிங்க்கும் வைத்தால் நம்ம ஊர் வெயிலிலும் பயமில்லை.

சண்டை ரோபோ செய்வோர் பலர் சேர்ந்து உருவாக்கி, வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த 'ஓப்பன் சோர்ஸ் மோட்டார் கன்ட்ரோலர்' என்ற கருவியிலும் இதே வழிதான். நான்கு பக்கங்களிலும் நான்கு நான்காக மொத்தம் 16 மாஸ்ஃபெட்!

இன்னொன்று: இந்த மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கு 10 வோல்ட்டாவது வேண்டும். மைக்ரோ கன்ட்ரோலரின் 5 வோல்ட்டை நேரே கொடுத்தால், அரைகுறையாகத் திறந்த மதகு மாதிரி ஆகிவிடும். போட்ட கணக்கெல்லாம் வீண். நடுவில் ஒரு டிரைவர் ஐ.சி. அவசியம்.

மறக்கக் கூடாதவை

1. பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட் 'ஷாக்' அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும்.
2. கையால் சட்டென்று பிடுங்கக்கூடிய ஓர் இணைப்பு வெளியே இருக்கட்டும்.
3. ரிமோட் சிக்னல் நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டும். ரிமோட்டை அணைத்துப் பார்த்து இதைச் சோதியுங்கள்.
4. முதல் சோதனையில் சக்கரம் தரையில் படக் கூடாது.

சுருங்கச் சொன்னால், ஓடுகிற மோட்டாருக்குக் கருவி செய்யாதீர்கள், நின்றுபோன மோட்டாருக்குச் செய்யுங்கள். ஓம் விதியும் வெப்ப விதியும் தேர்வில் மதிப்பெண் வாங்க மட்டும் இல்லை, ரோபோவைக் காப்பாற்றவும்தான்!

உங்களுக்கு ஒரு கேள்வி: மேலே சொன்ன ஐஆர்எஃப் 3205 மாஸ்ஃபெட் நான்கைப் பக்க இணைப்பில் வைத்தால், ஒவ்வொன்றும் எத்தனை டிகிரி சூடேறும்? விடையை நோட்டில் போட்டு இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.